வெளிறிய உடல்: இரும்புச்சத்துக் குறைவா, வைட்டமின் பி12 குறைவா?

உடம்பு வெளுத்தால் உடனே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவிடுகிறோம். பல நேரம் அது சரிதான்; எப்போதும் அல்ல.

மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் கன்னத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கீழ் இமையை இழுத்து, உட்புறச் சிவப்பு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கையையும் பாருங்கள்.

இரும்புச்சத்துக் குறைந்தால் நகம் உடையும். நாளடைவில் கரண்டிபோல் குழியும். பச்சரிசி, சாம்பல், ஐஸ்கட்டி தின்னும் ஆசையும் வரும். அதற்காக அப்படித் தின்பவரைத் திட்டாதீர்கள், இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதிக மாதவிடாய்ப் போக்கு, கர்ப்பம், கொக்கிப்புழு ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆண்களுக்கு வந்தால் குடலில் இரத்தக் கசிவு உண்டா என்று தேடியே ஆக வேண்டும்.

பி12 குறைவில் வெளுப்போடு இலேசான மஞ்சளும் சேரும். நாக்கு வழவழப்பாகி எரியும், பாதம் மரத்துப்போகும். பால்கூடச் சேர்க்காத சைவர்களும், நெடுங்காலமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

பரிசோதனைச் சீட்டில் எம்.சி.வி. (இரத்தச் சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80-க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. 100-க்கு மேல் என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவைச் சந்தேகிக்கலாம். இரண்டு குறைவும் சேர்ந்திருந்தால் இந்த அளவு இயல்பானதுபோலவே தெரியலாம், ஏமாந்துவிடக் கூடாது.

இரண்டில் நான் அதிகம் அஞ்சுவது பி12 குறைவுக்குத்தான். ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்கினால் இரத்தம் தேறிவிடும். நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும், முற்றினால் முழுதாக மீளாமலும் போகலாம். இரும்புக் குறைவுக்குப் பொறுமைதான் தேவை: மாத்திரையை டீ, காபியோடு சேர்க்காமல், ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சுமார் 3 மாதம் தொடர வேண்டும்.