ட்ரூ-கலர் புல்மன் க்ரீன்: பாட்டில்ல கறுப்பு, வெயில்ல பச்சை

அமெரிக்க ரயில் மாடல் பண்றவங்கள்ல நிறைய பேரு ஒரு காலத்துல ஃப்ளோக்வில் பெயிண்ட நம்பித்தான் இருந்தாங்க. 2013ல அதத் தயாரிச்ச டெஸ்டர்ஸ் கம்பெனி அதையும் பாலி ஸ்கேல்ங்கிற இன்னொரு பெயிண்டையும் சேர்த்து நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் பழைய ரயில்வே கலருக்குன்னே பாட்டில் போடுறவங்களத் தேடி நிறைய பேரு வந்து நின்ன இடம் ட்ரூ-கலர்ங்கிற பெயிண்ட் கம்பெனி. அதுல புல்மன் க்ரீன் வாங்கி, எச்ஓ ஸ்கேல்ல, அதாவது 87ல ஒரு பங்கு சைஸ்ல, ஒரு ஹெவிவெயிட் (அந்தக் காலத்து கனமான இரும்பு) ஸ்லீப்பர் கோச்சுக்கு அடிச்சேன். அதப் பத்திதான் இந்த ரிவ்யூ.

மூடியத் திறந்தா கறுப்பு மாதிரிதான் தெரியும், பாட்டில் மாறி வந்துடுச்சோன்னு பயப்படாதீங்க. நிஜ கோச்சோட கலரே அப்படித்தான். 1900 வாக்குலதான், அமெரிக்காவுல ஸ்லீப்பர் கோச்சு செஞ்சு ஓட்டின புல்மன் கம்பெனி இந்தக் கரும்பச்சைக்கு மாறினாங்க, அதுக்கு முன்னாடி ப்ரவுன். முன்னாடி ஸ்டீம் இஞ்சின் கரியக் கக்கிட்டே போற ரயில்ல வெளிர் கலர் அடிச்சா என்ன கதி ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, இந்த பாட்டில் கரெக்டான புல்மன் க்ரீனான்னு கேட்டா, எந்த புல்மன் க்ரீன்னு நான் திருப்பிக் கேப்பேன். அந்தக் காலத்துல பெயிண்டுக்கு மேல வார்னிஷ் அடிப்பாங்க, அது நாளாக ஆக மஞ்சளாகி பச்சைய ஆலிவ் பக்கம் இழுத்துட்டுப் போயிடும், அதுக்கு மேல கரி, கழுவல், மறு பெயிண்டு. கோடாக்ரோம் ஃபிலிமே 1935லதான் வந்துச்சு, அதனால அதுக்கு முந்தின வருஷங்களுக்கு நல்ல கலர் போட்டோ கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம். மியூசியம் கோச்சப் பாத்து மேட்ச் பண்ணலாம்னா அதுல இருக்கறது பிற்காலத்துல யாரோ கலந்த பெயிண்டு. பழைய பெயிண்ட் சிப் கையில கிடைச்சாலும் முழுசா நம்ப முடியாது, ஆயில் பெயிண்டு இருட்டுல மூடி வச்சாலும் மஞ்சளாகும். என் பார்வைக்கு ட்ரூ-கலர் பிடிச்சிருக்கறது ஒர்க்‌ஷாப்ப விட்டு அப்பத்தான் வெளிய வந்த கோச்சு, அழுக்கு படாத கலர். அந்த வகையில நல்ல வேலை.

ஆனா வீட்டுக்குள்ள கதையே வேற. பட்டுப்புடவைய கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயில்ல விரிச்சுப் பாப்பாங்கல்ல, அதே வேலைய இங்கயும் செய்யணும். வெயில்ல அழகா ஆலிவ் பச்சை தெரியுது, மாடல் ரயில் ஓடுற உங்க லேஅவுட்டோட லைட்டு கீழ வச்சா சுத்தமாக் கறுப்பு. சின்னப் பொருள்ல டார்க் கலர் இன்னும் டார்க்காத் தெரியும், அதனால கொஞ்சம் வெளுக்க வச்சே ஆகணும்னு நினைக்கிற ஆள் நான், ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. வெளுக்க வைக்கிறேன்னு வெள்ளையக் கலந்துடாதீங்க, பூஞ்சை படிஞ்ச மாதிரி சாம்பல் பூத்துப் போயிடும். மஞ்சள் சில சொட்டு, தேவைப்பட்டா துளி டான் (வெளிர் ப்ரவுன்), அவ்வளவுதான். கறுப்போட மஞ்சள் சேந்தாலே ஆலிவ்தானே வரும், அதனால கலரோட குணம் மாறாது. வேஸ்ட் பிளாஸ்டிக் துண்டுல அடிச்சு, மாடல் ஓடப்போற அதே லைட்டுலயே வச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க.

இதே பச்சைய கிரேட் நார்தர்ன் ரயில்வேயோட 1947 எம்பயர் பில்டர் ரயிலுக்கு அடிக்கிறதா இருந்தா மட்டும் நான் கலக்க மாட்டேன். அதுல ஆரஞ்சு பக்கத்துலயே வருது, அந்த ஆரஞ்சே பச்சையத் தூக்கிக் காட்டிடும், பாட்டில்ல இருக்கறதே போதும்.

பெயிண்டோட குணம் சொல்லணும்னா, இது அசிட்டோன் வகை. ஏர்பிரஷ் (காத்தால பெயிண்ட் தெளிக்கிற கருவி) இல்லாதவங்க இந்தப் பக்கம் வர வேண்டாம், பிரஷ்ல இழுத்தா முதல் கோடு காயறதுக்குள்ள ரெண்டாவது கோடு போட முடியாது. ஏர்பிரஷ்ல மெல்லிசா ரெண்டு மூணு கோட்டு அடிச்சா ரிவெட் எதுவும் மூடிக்காம சூப்பரா உக்காருது, லேசான பளபளப்பு இருக்கறதால பளபளப்புக்குன்னு தனி கிளாஸ் கோட்டு இல்லாமலே டெக்கால் (எழுத்து, நம்பர் ஸ்டிக்கர்) ஒட்டிடலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதான். வாடை சும்மா இல்ல, ஜன்னலத் திறந்து வச்சு ரெஸ்பிரேட்டர் போட்டுக்கிட்டுதான் அடிக்கணும். தீப்பிடிக்கிற சரக்குங்கறதால ஏர்மெயில்ல அனுப்ப விடமாட்டாங்க, அமெரிக்காவுக்கு வெளிய இருக்கறவங்க யாரையாவது பெட்டியில வச்சுக் கொண்டுவரச் சொல்லவும் முடியாது, ஃபிளைட்ல ஏத்த விடமாட்டாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க கோச்சு எந்த ரயில்ல எந்த வருஷம் ஓடினதுன்னு பாத்துக்கங்க. புல்மன் பேரு இருக்குன்னு எல்லாத்துக்கும் பச்சைய அடிச்சுடக் கூடாது, பென்சில்வேனியா ரயில்வே கம்பெனிக்குன்னு ஒதுக்கின புல்மன் கோச்சுங்க பிற்காலத்துல டஸ்கன் ரெட்டுங்கிற செம்பழுப்புக்குப் போச்சு, நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயோட 1938 ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட் ரயில் ரெண்டு ஷேடு சாம்பல்.

5க்கு 4 குடுக்கறேன். அந்த ஒரு மார்க் வாடைக்காகக் கழிச்சது. வாங்குறவங்க ட்ரூ-கலரோட தின்னரையும் சேத்தே ஆர்டர் பண்ணிடுங்க, ஏர்பிரஷ் கழுவவும் அதுதான் வேணும்.