சிறு பீர் ஆலை எந்தச் சந்தையைப் பிடிப்பது?

நாலைந்து தொட்டிகள் மட்டும் உள்ள ஆலை எந்த வகை பீரைத் தன் அடையாளமாக்கிக்கொள்வது? என் அளவுகோல்கள் இரண்டு. ஒரு கொதிப்பு, அதாவது ஒரு தடவை காய்ச்சும் பீர், எத்தனை வாரம் தொட்டியை அடைத்துக்கொள்ளும்? அதே பீரைப் பெரிய ஆலை பாதி விலைக்குப் போட்டால் என்ன ஆகும்?

இரண்டு கேள்வியிலும் லாகர் அடிபடுகிறது. குளிரில் மெதுவாக நொதித்து, பிறகு வாரக்கணக்கில் பதமாக வேண்டிய பீர் அது. ஆறு வாரம் என்று வைத்தால் ஒரு தொட்டியில் ஆண்டுக்கு எட்டு கொதிப்புதான் எடுக்கலாம். மிதமான சூட்டில் வேகமாக நொதித்து மூன்று வாரத்தில் முடியும் ஏல் வகையில் பதினேழு வரை போகலாம். உழைப்பெல்லாம் கொட்டினாலும், வாங்குபவர் அதை மலிவு லாகரின் விலையோடுதான் ஒப்பிடுவார். எனக்குப் பிடித்த பீர் லாகர்தான். ஆனால் அதை நம்பிக் கடன் வாங்க மாட்டேன்.

கலங்கலான ஹேஸி ஐபிஏ (ஹாப்ஸ் என்ற மணப்பூ தூக்கலான ஏல்) சீக்கிரம் காசாகும். ஆனால் ஹாப்ஸ் செலவு அதிகம், ஆக்சிஜன் பட்டால் மணம் போய் நிறம் கறுக்கும், பக்கத்து ஆலையும் அதையேதான் ஊற்றுகிறது.

ஆல்கஹால் இல்லாத பீருக்குத் தேவை வளர்ந்துவருகிறது. 2017-இல் தொடங்கிய அமெரிக்காவின் அத்லெடிக் புரூயிங் இதை மட்டுமே செய்து பெரிதானது. சிறு ஆலைகளுக்கு இடிப்பது பாதுகாப்பு. ஆல்கஹால் குறைந்து சர்க்கரை மிஞ்சினால் நோய்க்கிருமி வளர இடமுண்டு. பாஸ்டரைஸ் செய்யும் கருவியும் அமிலத்தன்மைச் சோதனையும் இல்லாமல் இறங்குவது ஆபத்து.

மீதி இரண்டுதான் உண்மையான போட்டி: மரப்பீப்பாயில் ஊறும் புளிப்பு பீர், குளுட்டன் (கோதுமை, பார்லியிலுள்ள புரதம்) இல்லாத பீர்.

புளிப்பு பீரைப் பெரிய ஆலைகள் எளிதில் நகலெடுக்க முடியாது. 1900-இல் தொடங்கிய பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் ஆலை, காற்றிலுள்ள ஈஸ்டைக் கொண்டே லாம்பிக் என்ற புளிப்பு பீரை நொதிக்க வைக்கிறது. கூஸ் என்பது ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்தது. அந்த மூன்றாண்டும் பணம் பீப்பாயில் தூங்கும். இந்த வகை பீரில் வேலை செய்யும் பிரெட்டானோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் குழாயிலோ வாஷரிலோ ஒட்டிக்கொண்டால் மற்ற பீர்களும் கெடும் என்பதால் குழாய்கள், பம்புகள் எல்லாமே தனித்தனி.

குளுட்டன் இல்லாத பீரில் பார்லி, கோதுமை, ரை தானியத்துக்கு இடமில்லை. சிறுதானியம், சோளம், பக்வீட், அரிசி. இவற்றில் பலவற்றின் மாவுச்சத்து, மால்ட்டில் (முளைகட்டிய தானியத்தில்) மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தாங்கும் சூட்டைத் தாண்டித்தான் இளகும். அதனால் நொதிகளைத் தனியாகச் சேர்க்க வேண்டிவரும். உமி குறைவென்றால் வடிகட்டலும் இழுபறிதான். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதியில் குளுட்டன் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பதால் பார்லித் தூசி பறக்கும் ஆலையில் இதைச் செய்வது சூதாட்டம்.

அந்தத் தொல்லைதான் வேலி. பார்லியில் ஓடும் பெரிய ஆலை இதற்கெனத் தனிக் கட்டடம் எழுப்பத் தயங்கும். இன்னொரு லாபமும் உண்டு: ஆறு பேர் கூட்டத்தில் ஒருவருக்குக் குளுட்டன் ஆகாதென்றால், எங்கே போவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். மற்ற ஐவரும் பின்னாலேயே வருவார்கள்.

வெற்றுக் கட்டடத்தில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் குளுட்டன் இல்லாத பீரைத்தான் சொல்வேன். ஏற்கெனவே பார்லி ஓடும் ஆலைக்கு அது ஒத்துவராது. அந்த ஆலைக்காரர் ஐபிஏ விற்று வாடகையைக் கட்டிக்கொண்டு, தனி அறையில் நாலு பீப்பாய்ப் புளிப்பு பீரை ஊறப்போடட்டும்.