அவதார் கடைசிச் சண்டை: ஆங்கா, சுகோவா?

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேஷன் தொடரின் 61 எபிசோடுகளும் கடைசியில் வந்து சேர்வது 2008 ஜூலை 19 அன்று நிக்கலோடியனில் வந்த அந்த நான்கு பாக முடிவில்தான், அதில் ஒரு பக்கம் நாயகன் ஆங், உலகை ஆளத் துடிக்கும் நெருப்பு தேசத்து அரசன் ஒசாயுடன் மோதுகிறான், இன்னொரு பக்கம் ஒசாயின் மகன் சுகோ, முதலில் ஆங்கைத் துரத்திப் பிறகு அவன் பக்கம் வந்தவன், தன் தங்கை அசூலாவுடன்.

பிரம்மாண்டம் என்றால் ஆங் சண்டைதான். கொல்ல மாட்டேன் என்று கடைசிவரை நின்று, ஒசாயின் நெருப்புச் சக்தியை மட்டும் பறித்துவிடுகிறான். அருமையான முடிவு. ஆனால் அதற்கான வழி சிங்க ஆமை என்ற பழங்கால ராட்சத உயிரினத்திடமிருந்து வருகிறது, பூட்டிக் கிடந்த அவதார் நிலை, அதாவது ஆங்கின் முழுச் சக்தியும் வெளிப்படும் நிலை, முதுகில் பாறை குத்தியதும் திறந்துகொள்கிறது, இரண்டுமே கொஞ்சம் சுலபமாகக் கிடைத்துவிட்டது போல எனக்குப் படுகிறது.

சுகோ பக்கம் அப்படி எதுவும் இல்லை. நீல நெருப்பும் ஆரஞ்சு நெருப்பும் மோத, பின்னணியில் வெற்றி முழக்கம் இல்லாமல் துக்க வீட்டு இசை. அசூலா ஆங்கின் தோழி கட்டாராவைக் குறிவைத்து மின்னலை விட, சுகோ குறுக்கே பாய்கிறான் பாருங்கள், மூன்று சீசனாக அவன் மாறிய மாற்றம் முழுக்க அந்த ஒரு பாய்ச்சலில் இருக்கிறது. அப்புறம் கட்டாரா சங்கிலியால் கட்டிய பிறகு அசூலா கதறுவது! வில்லிக்காக நெஞ்சு அடைத்துக்கொள்ளும். என் ஓட்டு சுகோவுக்குத்தான்.