கொஞ்சிக்கொண்டே பிராண்டும் பூனை

போன வாரம் மவுஸைக் காட்பாடியில் ஒரு கடையில் கொடுத்து, இடது பட்டனுக்குக் கீழே இருக்கிற குட்டி சுவிட்சை மாற்றிக்கொண்டு வந்தேன். "ஒரு தடவை அழுத்தினா ரெண்டா விழுதுண்ணே, பிடிச்சு இழுத்தா பாதியில விட்டுடுது" என்றேன். அவர் சுவிட்சை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஆபீஸ்ல வேலை அதிகமா?" என்றார். தலையாட்டி வைத்தேன். பிரவுசரில் ஆடுகிற ஒரு விளையாட்டில் பூனைக்கு முடி சீவித் தேய்ந்தது என்று எப்படிச் சொல்வது?

விஷயம் தெரிந்த நண்பன், "அப்படி இன்னா மச்சி இருக்குது அதுல? நானும் ஆடட்டா?" என்றான். அவனுக்காகத்தான் இது.

போன கத்திரி வெயிலில் ஆரம்பித்த பழக்கம். மத்தியானம் வேலூரில் வெளியே தலைகாட்ட முடியாது. பிரவுசரைத் திறந்தால் பூனை உட்கார்ந்திருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்துச் சீவ வேண்டும், அது கோபப்படும் முன் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடுகிறது, காசு கேட்பதில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கொத்து முடி பிரிந்து, மிதந்து, திரையின் அடியில் படியும். இருபது சீவலில் இலவம்பஞ்சு மெத்தை பிரிந்த மாதிரி குவிந்துவிடும். அதை வரைந்தவர் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

என் ஆத்திரமெல்லாம் அந்தக் குர்ர் சத்தத்தின் மேல்தான். காது பின்னால் மடங்கும், வால் நுனி ஒரு தடவை சுண்டும், பிறகு அடி விழும். கண்ணில் பட்டது விரலுக்குப் போய்ச் சேரவே சராசரியாகக் கால் நொடி ஆகும். இந்தப் பூனை தருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுகூடப் பரவாயில்லை. அடி விழுகிற நொடி வரைக்கும் சுகமாகக் குர்ர்ர் என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. முதலில் புளூடூத் இயர்போன் சத்தத்தைத் தாமதமாகக் கொண்டுவருகிறது என்று நினைத்தேன். ஒயர் வைத்தது போட்டேன், அதே கதை. சத்தத்தையே நிறுத்தினேன், அடி வாங்காமல் 31-இல் நின்றுகொண்டிருந்த சீவல் எண்ணிக்கை 44 ஆனது. ஆனால் சத்தமில்லாமல் சீவுவது தேங்காய் நார் உரிக்கிற மாதிரி இருந்தது.

எந்தப் பூனை இப்படிச் செய்யும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் சத்துவாச்சாரியில் அத்தை வீட்டுப் பூனைக்கு நிஜமாகவே சீவப் போனேன். மடியில் படுத்துக் குர்ர் என்றது. சரி, நம்ம ஆள் என்று வயிற்றுப் பக்கம் சீப்பைக் கொண்டுபோனேன். சத்தம் நிற்கவே இல்லை, மணிக்கட்டில் மூன்று கோடு. அத்தை சோப்பை நீட்டிக்கொண்டே, "வாலைப் பார்க்காம இன்னாத்தடா பார்த்துக்கினு இருந்த?" என்றார். அதற்குத் தடுப்பூசி போட்டதில்லையாம். அன்றே எனக்கு ஊசி. பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று மொத்தம் நான்கு.

ஆக, விளையாட்டு சொன்னது சரிதான். நியாயப்படி என் புகாரை வாபஸ் வாங்க வேண்டும். வாங்க மாட்டேன். அத்தை பூனையிடம் வயிற்றைத் தொடாதே என்று ஒரு காரணமாவது இருந்தது. இது முதுகில் அதே இடம், அதே வேகம். இருபதாவது தடவை கண்ணை மூடி ரசித்ததை முப்பதாவது தடவை அடிக்கிறது. அடித்ததோடு விடுகிறதா? குவிந்த முடி முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி பூஜ்யம்.

மச்சி, படம் அழகு, பூனை அசல், ஏமாற்று வேலை கிடையாது. ஆனால் நீ ஆடாதே. நேற்று ராத்திரி 52-இல் அடி வாங்கினேன். புது சுவிட்ச் வேறு, மவுஸ் மேலும் பழிபோட முடியவில்லை.