வேலைதேடல் தளத்துக்கு 14 மாதம் காசு கட்டிய அனுபவம்

நான் வேலை தேடிய தளத்தின் கட்டணத் திட்டம் இப்போது பாதி விலையாம். "கட்டலாமாண்ணா?" என்று சித்தி மகள் நேற்று போனில் கேட்டாள். பி.காம் முடித்து இரண்டு வருடமாகக் கணக்கு வேலையில் இருக்கிறாள். 14 மாதம் காசு கட்டியவன் நான். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்ன சொல்லைத் தேடியபோது நம் ப்ரொஃபைல் கம்பெனிக்காரர்கள் கண்ணில் பட்டது என்று வாராவாரம் ஒரு பட்டியல் காட்டுவார்கள். எனக்குப் புத்தி வந்தது அதைப் பார்த்துத்தான். "கடின உழைப்பாளி, பொறுப்பானவர்" என்று தலைப்பில் போட்டிருந்தேன். அதை ஒருவரும் தேடவில்லை. தேடியதெல்லாம் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி). அன்றைக்கே மாற்றினேன்: "டேலி பிரைம், ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல், மாதம் 400 கொள்முதல் பில்களை 2பி-யோடு சரிபார்த்த அனுபவம், 15 நாளில் சேரலாம்." (ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டும் ஜிஎஸ்டி தாக்கல் படிவங்கள்; 2பி என்பது நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்.) அந்த 15 நாளை விட்டுவிடாதீர்கள். இருக்கும் வேலையிலிருந்து விலக 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர்களுக்கு நடுவே அது பளிச்சென்று தெரியும். இரண்டு வாரத்தில் மூன்று கம்பெனிகள் அவர்களாகவே கூப்பிட்டார்கள்.

இனி வயிற்றெரிச்சல். ரெஸ்யூமேயை ஏற்றினால் அதைத் தானே படித்து விண்ணப்பக் கட்டங்களை நிரப்பிவிடும் என்பார்கள். நிரப்பிய லட்சணத்தைக் கேளுங்கள். கம்பெனி பெயர் வரவேண்டிய இடத்தில் கல்லூரி, பதவிக்கான இடத்தில் "தமிழ், ஆங்கிலம்". போன் நம்பர் கட்டம் காலி. மேலே மட்டும் பச்சை நிறத்தில் "100% முழுமை". அந்தப் பச்சையை நம்பி ஐந்து மாதம் உள்ளே திறந்தே பார்க்கவில்லை. நானாக விண்ணப்பித்த இடங்களிலிருந்து அதுவரை ஒரு பதில்கூட இல்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் புகார் எழுதிய மூன்று தடவையும் "மீண்டும் ஏற்றிப் பாருங்கள்" என்றே பதில் வந்தால் கோபம் வராதா?

கடைசியில் நானே கண்டுபிடித்தேன். பிடிஎஃப்பைத் திறந்து, மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். "கணக்காளர் தமிழ் 2019 முதல் ஆங்கிலம் கோயம்புத்தூர்" என்று வந்தது. இடது பத்தியும் வலது பத்தியும் வரிக்கு வரி கலந்துவிட்டன. மென்பொருள் அப்படித்தான் படித்திருக்கிறது. அந்த இரண்டு பத்தி டெம்ப்ளேட்டை எனக்குத் தனிக் காசுக்கு விற்றதும் இதே தளம்தான்! ஒரே பத்தியாக மாற்றி, படக்குறிகளை எடுத்துவிட்டு, பக்கத் தலைப்பில் இருந்த போன் நம்பரைப் பெயருக்குக் கீழே இறக்கினேன். அப்புறம் எல்லாக் கட்டமும் சரியாக நிரம்பியது.

இப்போதிருக்கும் வேலை இந்தத் தளத்தில் கிடைத்ததுதான். இருந்தாலும் கட்டாதே என்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் கேட்கும் வேலைக்கு வந்த பத்து விளம்பரங்களைத் திறந்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொண்டால் அந்த வாரப் பட்டியல் செய்யும் வேலை முக்கால்வாசி முடிந்துவிடும். ரெஸ்யூமேயை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.