ஹீலியோஸ் 44-2: பழைய லென்ஸில் ஆறு மாத வீடியோ அனுபவம்

கல்யாண வீடியோ எடுக்க வந்த புதிதில் என் கையில் இருந்தது 1/3 அங்குல சென்சார் கேம்கார்டர். மாப்பிள்ளை முகம் எவ்வளவு தெளிவோ, பின்னால் சாம்பார் வாளியோடு ஓடுகிறவரும் அவ்வளவு தெளிவு. பின்னணி கொஞ்சமாவது மங்கட்டும் என்று மண்டபத்தின் கடைசிக்குப் போய், முழுக்க ஜூம் செய்து எடுப்பேன். அன்று ஏங்கியது இப்போது ஒரு சோவியத் லென்ஸில் கிடைத்திருக்கிறது.

ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப்/2 (எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துவாரம் பெரிது, பின்னணி அதிகம் மங்கும்). ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்து பயோட்டார் லென்ஸ் வடிவமைப்பை ஒட்டி, ஜெனித் ஸ்டில் கேமராக்களுக்காகச் செய்தது. என்னுடையதன் வரிசை எண் 79 என்று தொடங்குகிறது, அதாவது 1979. 4,500 ரூபாய் கொடுத்தேன். கேமராவில் மாட்டும் பகுதி எம்42 என்ற திருகு மவுண்ட் என்பதால் சாதாரண அடாப்டரே போதும். கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படம் பதிவாகட்டும் என்ற அமைப்பை மட்டும் ஆன் செய்துவிடுங்கள்.

என் கேமரா ஏபிஎஸ்-சி, அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார். அந்தச் சென்சார் சினிமாவின் சூப்பர் 35 ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட சமம். சினிமா லுக்குக்கு ஃபுல் ஃபிரேம்தான் வேண்டும் என்று கடன் வாங்கப் போகும் தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதல் நாள் அம்மாவை எடுத்துப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். 80 செ.மீ. தூரம், எஃப்/2. இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது, மூக்குத்தி மங்கிவிட்டது. கணக்குப் போட்டால் அந்தத் தூரத்தில் தெளிவாக நிற்பது ஒன்றரை செ.மீ.கூட இல்லை. அம்மா லேசாகத் தலையசைத்தாலே ஃபோகஸ் போய்விடும். அம்மாவிடமிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு வந்து எஃப்/4 வைத்தேன். இப்போது 10 செ.மீ. முகம் முழுக்க நின்றது. பின்சுவர் காலண்டரில் எழுத்துகள் கரைந்து, முருகன் படம் மட்டும் நிழலாகத் தெரிந்தது. எனக்குச் சினிமா இதுதான். சுவரையே அழித்துவிட்டால் அம்மா யார் வீட்டில் பூக்கட்டினால் என்ன?

ஃபோகஸ் ரிங்கை நிறையச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஸ்டில் எடுப்பவருக்கு அது சலிப்பு, வீடியோவுக்கு வரம். நார் முடிச்சுப் போடும் விரலிலிருந்து முகத்துக்கு மெல்ல நகர்த்தலாம், கை பழக ஒரு வாரம் ஆனது. அபெர்ச்சருக்கு, அதாவது துவாரத்தைத் திறந்து மூட, இரண்டு ரிங். ஒன்றில் எல்லையை வைத்துவிட்டால் மற்றது 'டிக் டிக்' சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஷாட் ஓடும்போதே திறக்கலாம், மூடலாம்.

வெயிலில் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) இல்லாமல் வேலைக்கே ஆகாது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 100, எஃப்/2.8 என்றால் உச்சி வெயிலில் ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைக்க வேண்டும், அதற்கு என்டி64. ஃபில்டர் அளவு 49 மி.மீ. மலிவாக ஒன்று வாங்கி ஒரு நிச்சயதார்த்தம் முழுக்கப் பெண்ணின் முகம் பச்சை பாய்ந்துவிட்டது. கலர் கரெக்‌ஷனில் இரண்டு இரவு போனது. லென்ஸில் மிச்சப்படுத்திய காசை ஃபில்டரில் போடுங்கள்.

எதிர்வெளிச்சம் நேராக விழுந்தால் படம் பால் ஊற்றியதுபோல வெளுக்கும். காலை முகூர்த்தத்தில் அது அழகு, எல்இடி சுவர் வைத்த ரிசப்ஷனில் தொல்லை. பின்னணி இலைகள் சுழல்வதுபோல வரும் என்று கேள்விப்பட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஏபிஎஸ்-சியில் ஓரம் வெட்டுப்படுவதால் அந்தச் சுழல் கொஞ்சம்தான் தெரியும். அப்புறம், லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. நான் மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்டு) இல்லாமல் எடுப்பதில்லை.

வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். அபெர்ச்சரின் எட்டு பிளேடுகளிலும் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மணப்பெண் அறை, பூ, பாட்டிமார் பேச்சு, இதற்கெல்லாம் இனி இந்த லென்ஸ்தான். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் இதை எடுக்க மாட்டேன். அதற்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் போட்ட இன்னொரு கேமரா மேடை ஓரத்தில் நிற்கும்.