ஊரடங்கா, இரவு ரோந்தா, பர்க் வழியா?

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகள் வாழும் ஊர்களில் குற்றத்தையும் வன்முறையையும் குறைக்க இந்த மூன்றில் எது நல்ல வழி? 2024 மார்ச் கடைசியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் கலவரம் மூண்டதும், ஆஸ்திரேலியாவின் வடக்கு மண்டல அரசு நகர மையத்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு மாலை 6 முதல் காலை 6 வரை ஊரடங்கு போட்டது. கூடுதல் போலீஸ் இறங்கியது. தெரு சட்டென்று அடங்கும், ஊரடங்கின் பலம் அது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ராத்திரியில் ஏன் வீடு தங்குவதில்லை என்பதை அது கேட்பதே இல்லை. ஜூலையில் மறுபடி ஊரடங்கு, இம்முறை எல்லா வயதினருக்கும்.

இரவு ரோந்து பூர்வகுடிகளே உருவாக்கியது; ஊர்க்காரர்களே ராத்திரியில் வண்டியில் சுற்றி, தெருவில் நிற்பவர்களைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். 1980களில் அதே மண்டலத்தின் டெனன்ட் கிரீக் ஊரில் ஜுலாலிகாரி கவுன்சில் என்ற பூர்வகுடி அமைப்பு நடத்திய ரோந்து முன்னோடிகளில் ஒன்று. ரோந்துக்காரர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. ஆனால் எந்த வீட்டில் சண்டை முற்றும், எந்தப் பாட்டியிடம் பிள்ளையைப் பத்திரமாக விடலாம் என்று தெரியும். போலீஸ் அதட்டினால் ஓடுகிற பையன் சித்தி முறை ஆனவர் கூப்பிட்டால் வண்டியில் ஏறுவான். 2007இல் வடக்கு மண்டலப் பூர்வகுடி ஊர்களின் விவகாரங்களில் மத்திய அரசு நேரடியாகத் தலையிட்ட பிறகு ரோந்துகளுக்குப் பணம் பெருகியது, பல இடங்களில் நிர்வாகம் ஊர் கையைவிட்டுப் பல ஊர்களைச் சேர்த்து ஆளும் புதிய ஷைர் கவுன்சில்களுக்கு (உள்ளாட்சி அமைப்புகளுக்கு) போனது. பெரிய இழப்பு என்றே சொல்வேன்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பர்க் ஊர் இன்னும் ஆழமாகப் போனது. அங்கே மரங்குகா திட்டத்தில் பூர்வகுடித் தலைவர்கள் போலீஸ், நீதிமன்றத் தரவுகளை வாங்கி உட்கார்ந்து படித்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கே பலர் வழக்கில் சிக்கியிருந்தார்கள். அந்த மாநிலத்தில் 25 வயதுக்குட்பட்டவர் லைசென்ஸ் எடுக்க 120 மணி நேரம், லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பழக வேண்டும். வீட்டில் காரும் இல்லை, லைசென்ஸ் உள்ளவரும் இல்லை என்றால் எங்கே போவது? ஊரே ஓட்டுநர் பயிற்சி ஏற்பாடு செய்தது. ஜாமீன் நிபந்தனை மீறல்களிலும் இப்படியே வேரைத் தேடினார்கள். முந்தின இரவு நடந்ததைக் காலையில் போலீஸோடு பேசி, அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்தார்கள்.

2016ஐவிட 2017இல் பதிவான குடும்ப வன்முறை 23 சதவீதம் குறைந்ததாகவும், அந்த ஆண்டில் பர்க் திட்டத்தின் மொத்தப் பலன் பணக்கணக்கில் சுமார் 31 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்றும் கேபிஎம்ஜி என்ற ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது. சின்ன ஊர், ஒரே ஆண்டின் வித்தியாசம். அந்த அளவுக்கே இதை நம்பலாம். இருந்தாலும் என் தேர்வு பர்க் வழிதான், பக்கத்துணையாக ஊர் கையில் உள்ள ரோந்து. ஊரடங்கு கடைசி.

2022 அக்டோபர் பட்ஜெட்டில் மத்திய அரசு 30 இடங்கள் வரை இத்தகைய திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கியது. பர்க்கில் 20க்கும் மேற்பட்ட மொழிக் குழுக்களின் வழிவந்தவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வரவே வருடக்கணக்கானது. அந்தப் பேச்சுக் காலத்துக்கும் அரசு பணம் கொடுத்தாக வேண்டும்.